அறுந்த நூல் கூப்பிடாது

கோவைப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் முப்பத்தாறு வருஷம் இருந்தேன். டிப்ளமா முடித்த கையோடு டிரெய்னியாக உள்ளே போனவன், ஸ்பின்னிங் மாஸ்டராக வெளியே வந்தேன். போன மாதம் சிநேகிதர் மகன் வீட்டுக்கு வந்தான். ஷிப்ட் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறான். அறுபது பேர் அவன் பொறுப்பில். "மாமா, ஆளுங்ககிட்ட வேலை வாங்கறதுக்கு ஏதாவது சூட்சுமம் சொல்லுங்க" என்றான்.

"வேலை வாங்கறது அப்புறம் கண்ணு. உன்கிட்ட சேதி வருதான்னு மொதல்ல பாரு" என்றேன். முழித்தான். அவனுக்காக எழுத ஆரம்பித்தது இது. மில் வாசலை மிதிக்காதவர்களும் படிக்கலாம். பாங்க், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாஃப்ட்வேர் கம்பெனி என்று எங்கே பத்துப் பேர் ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார்களோ, அங்கெல்லாம் இது செல்லும்.

முதலில் இரண்டு மெஷின்களைத் தெரிந்துகொள்ளுங்கள். டிரா ஃபிரேமில் பஞ்சு ஸ்லைவர் (தடித்த பஞ்சுத் திரி) அறுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும்; விளக்கு எரியும்; ஆள் ஓடி வருவார். ரிங் ஃபிரேம் அப்படியில்லை. நான் சேர்ந்தபோது ஒரு ஃபிரேமுக்கு நூல் சுற்றும் ஸ்பிண்டில் 440. இப்போது 1,200, அதற்கு மேலும் உண்டு. அதில் முப்பது இழை அறுந்து கிடந்தாலும் ஃபிரேம் பாட்டுக்குச் சுற்றும். நூலாக வேண்டிய பஞ்சை உறிஞ்சுகுழாய் சத்தமில்லாமல் இழுத்து, ஓரத்தில் இருக்கும் நியூமாஃபில் பெட்டியில் போட்டுவிடும். அறுந்ததை ஒட்டும் சைடர் நடந்து வந்து கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

மனிதர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடமெல்லாம் ரிங் ஃபிரேம்தான். அறுந்தது கூப்பிடாது. அதைக் கூப்பிட வைப்பதுதான் தலைமை என்பது என் கட்சி. இனி ஒவ்வொன்றாக.

1. கெட்ட சேதி கொண்டு வருகிறவரை வாசலிலேயே அடிக்காதீர்கள்.

எனக்கு இருபத்தாறு வயது. அரை நைட் ஷிப்ட். நூல் நிரம்பிய காப்ஸ்களை எடுக்கும் டாஃபர் ஒருவர் வந்து, "ரோவிங் சரியில்லைங்க, அடிக்கடி அறுகுது" என்றார். ரோவிங் என்பது நூலாகும் முன் உள்ள மெல்லிய பஞ்சுத் திரி. அன்று உற்பத்தி குறைந்திருந்த எரிச்சல் எனக்கு. பத்துப் பேர் நடுவில், "உன் வேலை காப்ஸ் எடுக்கறது. அதை மட்டும் பாரு" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, சுத்தக் காட்டன் ஓடிய ஃபிரேமின் கிரீலில், அதாவது பாபின் மாட்டும் இடத்தில், பாலியஸ்டர் கலந்த ரோவிங் பாபின்கள் சில ஏறிவிட்டன. இப்படிக் கலக்கக் கூடாது என்றுதான் பாபினுக்குத் தனித்தனி நிறம் வைத்திருப்போம். நூல் திருப்பூருக்குப் போனது, பின்னலானது, சாயத்துக்குப் போனது. காட்டன் சாயத்தைக் குடித்தது, பாலியஸ்டர் குடிக்கவில்லை. துணி முழுக்க வெளுத்த கோடு. லாட்டே திரும்பி வந்தது.

விசாரணையில் அதே டாஃபர் சொன்னார்: "நிறம் மாறி இருந்ததைப் பாத்தேனுங்க. சொன்னா மறுபடியும் திட்டுவீங்கன்னு விட்டுட்டேனுங்க."

மெமோ அவருக்கு வந்தது. அது எனக்கு வந்திருக்க வேண்டியது. அந்த லாட்டை நான் இரண்டு வாரம் முன்பே, கத்திய அன்றே கெடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யார் எந்தக் கெட்ட சேதி கொண்டு வந்தாலும் என் வாயிலிருந்து முதலில் வருவது, "சொன்னது நல்லதாப் போச்சு." அடுத்தது, "எங்கே? எப்ப இருந்து?" பிறகு அவரோடு எழுந்து போவேன். கோபம் வந்தால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அது எங்கும் ஓடிப்போகாது. சேதி ஓடிப்போகும்.

2. முதல் மூன்று மாதம் நடங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கை அரிக்கும். வந்த வாரமே நோட்டீஸ் போர்டை மாற்றுவார்கள், ஆள் மாற்றுவார்கள், பழைய முறையை "இது என்ன முறை?" என்பார்கள். பொறுங்கள். ஒவ்வொரு பழைய முறைக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பட்ட அடி இருக்கும். அது என்ன அடி என்று தெரிந்த பிறகு மாற்றுங்கள்.

அதுவரை நடங்கள். முக்கியமாக முழு நைட்டில், விடியற்காலை மூன்று மணிக்கு. பகலில் எம்.டி. வருவார், விருந்தாளி வருவார். மில் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். மூன்று மணிக்குத்தான் அதன் சொந்த முகம் தெரியும். கையில் நோட்டு வேண்டாம். நோட்டைப் பார்த்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

3. நியூமாஃபில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஷிப்ட் ரிப்போர்ட்டை மனிதர் எழுதுகிறார். அதில் எழுதியவரின் பயம் கலந்திருக்கும். நியூமாஃபில் பெட்டியில் சேர்ந்த பஞ்சை யாரும் எழுதுவதில்லை. ரிப்போர்ட்டில் "அறுப்பு குறைவு" என்று இருந்து, பெட்டி நிரம்பி வழிந்தால், பெட்டி சொல்வதுதான் நிஜம்.

எல்லா நிறுவனத்திலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. ஆபீஸில் அது லீவு லெட்டர் கட்டு. ஒரே பிரிவில் மட்டும் திங்கட்கிழமைதோறும் நாலு பேருக்குத் தலைவலி வந்தால், வலி தலையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் அது பாதி வருஷத்தில் டி.சி. வாங்கிப் போகும் பிள்ளைகளின் கணக்கு. கம்பெனியில், ஒரே மேனேஜரின் கீழிருந்து வரிசையாக வரும் ராஜினாமாக் கடிதங்கள். உங்கள் இடத்தில் எந்தப் பெட்டி என்று கண்டுபிடியுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே திறந்து பாருங்கள்.

4. ஆளைத் திட்டும் முன் மெஷினைப் பாருங்கள்.

இழை நிறைய அறுந்தால் சைடர் சோம்பேறி என்று எழுதிவிடுவது சுலபம். நான் கற்ற கணக்கு வேறு. ஒரே ஸ்பிண்டிலில் திரும்பத் திரும்ப அறுந்தால், கோளாறு அந்த ஸ்பிண்டிலில்: டேப் தளர்ந்திருக்கும், ரிங்கில் ஓடும் டிராவலர் தேய்ந்திருக்கும், ரிங்கில் கீறல் விழுந்திருக்கும். ஒரு டிபார்ட்மெண்டே சேர்ந்து அறுந்தால் காற்றைப் பாருங்கள். ஈரப்பதம் குறைந்திருக்கும், அல்லது ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும் அளவுக்குக் கூடியிருக்கும். காற்றும் சரியென்றால் ரோவிங் செய்யும் சிம்ப்ளக்ஸுக்குப் போங்கள். அதற்கும் பின்னால் கார்டிங், மிக்ஸிங். இதெல்லாம் பார்த்தும் ஒரு சைடு மட்டும், ஒரு ஷிப்டில் மட்டும் அறுந்தால், அப்போது ஆளிடம் போகலாம். அப்போதும் முதல் கேள்வி, "உடம்பு சரியில்லையா?"

இந்த வரிசையில் தேடிப் போனால் பெரும்பாலான நாள் ஆள் வரைக்கும் போக வேண்டியே வராது. 1950-இல் ஜப்பானுக்குப் போய்த் தரக்கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுத்த டெமிங் என்ற அமெரிக்கர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான்: தவறுகளில் பெரும்பங்கு வேலை அமைந்திருக்கும் முறையில் இருக்கிறது, அந்த முறையை மாற்றும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை. அதிகாரம் யாரிடமோ, பொறுப்பும் அவருடையது.

5. நிறுத்தும் உரிமையைக் கீழே கொடுங்கள்.

டொயோட்டா என்றால் கார்தான் நினைவுக்கு வரும். அந்தக் குடும்பத்தின் தொழில் தறி. சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறி, பாவு இழை ஒன்று அறுந்தாலும் தானே நின்றுவிடும். நின்றால் நஷ்டம்தானே என்று தோன்றும். நிற்காத தறி கெட்ட துணியை முழம் முழமாக நெய்துகொண்டே போகும். அது பெரிய நஷ்டம். இந்தத் தறியின் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி வாங்கியது. பஞ்சாலை மெஷினையே உலகத்துக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள் ஜப்பான்காரரிடம் உரிமை வாங்கினார்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பின்னால் மகன் கீச்சிரோ கார் கம்பெனி தொடங்கினார். தறியின் அந்தக் குணம் கார் தொழிற்சாலைக்கும் போனது. அசெம்பிளி வரிசையில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி, ஏதோ சரியில்லை என்று பட்டால் தலைக்கு மேலே உள்ள கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், வந்தும் உடனே சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும்.

கயிறு கட்டுவது சுலபம். முதல் தடவை இழுத்தவரின் முகத்தை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம். சும்மா இழுத்துவிட்டாரா? இருக்கட்டும். "பாத்தது நல்லது, அடுத்த தடவையும் இழுங்க" என்று சொல்லுங்கள். முறைத்தீர்களானால் கயிறு அங்கேயே தொங்கும். அதன் மேல் பஞ்சுதான் படியும்.

6. பழியை நீங்கள் வாங்குங்கள். பெயரை அவர்களுக்குக் கொடுங்கள்.

எஸ்.எல்.வி.-3 கதையை எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். பத்திரிகைக்காரர்கள் முன்னால் தவன் உட்கார்ந்தார். தோல்வியைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. அன்றைக்குப் பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார்.

பெருந்தன்மைக்கு உதாரணமாக இதைச் சொல்லுவார்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. முதல் ராக்கெட் ஏவும் முன் கணினி ஒரு கோளாறைக் காட்டி நிறுத்தியது என்றும், நிபுணர்கள் பரவாயில்லை என்றதால் தாமே தொடரச் சொன்னதாகவும் கலாமே பின்னால் பல இடங்களில் வெளிப்படையாகச் சொன்னார். தன் தவற்றை ஒருவர் அப்படி வாய்விட்டுச் சொல்ல முடிகிறதென்றால், தோற்ற அன்று அவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை என்று அர்த்தம். தலைவர் பழியை வாங்கிக்கொண்டால் மற்றவர்கள் காரணத்தைத் தேடுவார்கள். பழியைக் கீழே தள்ளினால் ஆளுக்கொரு சாக்குத்தான் தேடுவார்கள்.

7. உங்களுக்குத் தெரியாதது கீழே இருக்கிறவருக்குத் தெரியும்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. பாம்பன் ரயில் பாலத்தையும் பிய்த்துப் போட்டது. சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதம் ஆக்கினார். பொறுப்பேற்ற இளம் இன்ஜினீயர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கர்டர்களை வேறு ஊர்களிலிருந்து கொண்டு வருவதா, புதிதாகச் செய்வதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அடித்துப்போன கர்டர்கள் கடலுக்கடியில் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்கள் சொன்னார்கள். அவற்றைத் தூக்கி எடுத்தே பாலம் கட்டினார்கள்.

மீனவரிடம் பாலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எந்த ரயில்வே விதியிலும் இராது. சொன்னதை மதித்துக் கேட்டதால் மாதங்கள் மிச்சமாயின. உங்கள் மில்லிலும் ஒரு மீனவர் இருப்பார். அநேகமாகக் கையில் விளக்குமாறு வைத்திருப்பார். எந்த ஃபிரேமுக்குக் கீழே தினமும் எண்ணெய் சொட்டுகிறது என்று ஃபிட்டருக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

8. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இன்று மில்லில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். "ஏய், ஹிந்திக்காரா" என்று கூப்பிடுவதைக் கேட்கிறேன். ஒடிசாக்காரர் மொழி ஒடியா என்பதுகூடத் தெரியாமல் கூப்பிடுகிறார்கள். பெயர் தெரியாத ஆளிடமிருந்து சேதி வராது. "அறுந்தது", "சூடு", "சத்தம்", "நிறுத்து": இந்த நாலு சொல்லை அவர்கள் மொழியில் நீங்கள் படியுங்கள். அவர்கள் தமிழில் நாற்பது சொல் படித்துவிடுவார்கள்.

9. விதி உங்களிலிருந்து தொடங்கட்டும்.

காதடைப்பான், மாஸ்க், தலைத்தொப்பி. "ரெண்டு நிமிஷம்தானே" என்று நீங்கள் மாஸ்க் இல்லாமல் கார்டிங்குக்குள் நுழைந்தால், அன்றோடு அந்த விதி செத்தது. பஞ்சுத்தூசி நெஞ்சில் சேர்ந்து வருஷக்கணக்கில் கொல்லும். அதற்கு சூப்பர்வைசர், ஸ்வீப்பர் என்ற வித்தியாசம் தெரியாது.

10. ஒற்றன் வைக்காதீர்கள்.

சேதி வேண்டும் என்று சொன்னேன். உடனே ஒருவரைக் காதாக வைத்துக்கொள்ளத் தோன்றும். எந்த இடத்திலும் அப்படி ஒருவர் தானாகவே வருவார். டீ வாங்கித் தருவார். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று சொல்லுவார். வேண்டாம். அவர் கொண்டு வருவது மனிதர்களைப் பற்றிய சேதி. உங்களுக்கு வேண்டியது வேலையைப் பற்றிய சேதி. ஒரு ஒற்றன் இருக்கிறான் என்று தெரிந்தால் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் வாயை மூடிவிடுவார்கள். ஒருவன் பேச்சைக் கேட்கப் போய் எல்லார் பேச்சையும் இழப்பீர்கள். என்னிடம் அப்படி வந்தவரிடம் நான் சொன்னது: "அவரையும் கூட்டிட்டு வாங்க. மூணு பேரும் சேர்ந்து பேசலாம்." அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஒன்றுக்கு மட்டும் விலக்கு. ஒரு பெண் தனக்கு நேர்ந்த அவமதிப்பைச் சொல்ல வந்தால், மூன்று பேர் கூட்டம் கூட்டாதீர்கள். தனியாகக் கேளுங்கள், அன்றே அதற்கென்று சட்டப்படி உள்ள குழுவிடம் கொண்டு போங்கள். "நானே பேசி முடிச்சிடறேன்" என்று பஞ்சாயத்து பண்ணாதீர்கள்.

11. மேலே போகும் சேதியைச் சலிக்காதீர்கள்.

உங்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். டாஃபர் எனக்குப் பயந்த மாதிரி நான் என் மேனேஜருக்குப் பயந்த வருஷங்கள் உண்டு. கீழிருந்து உண்மை வந்து, என் மேஜையில் அதற்குப் பவுடர் பூசி, மேலே அனுப்பியிருக்கிறேன். அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. மற்றவர் துணிந்து சொன்னதை நாம் விழுங்கிவிடுகிறோம்.

மேலே சொல்லும்போது மூன்று வரி போதும். என்ன ஆயிற்று, அளவோடு. நான் என்ன செய்திருக்கிறேன். உங்களிடம் என்ன வேண்டும். "கொஞ்சம் பிரச்சினை சார்" என்பது சேதி ஆகாது. "மூன்று ஃபிரேம் நின்றுவிட்டது, நாளைக் காலை லாரிக்கு நூல் பற்றாது, இப்போதே பார்ட்டிக்குச் சொல்லிவிடலாமா?" என்பது சேதி.

12. நீங்கள் இல்லாத நாளில் தெரியும் நீங்கள் யார் என்று.

மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணியவர். 2006-இல் அவர் மறைந்தார். ஆஸ்பத்திரி நிற்கவில்லை, வளர்ந்தது. வேலையை அவர் தன் விரலில் வைத்திருக்கவில்லை, முறையில் வைத்திருந்தார். நம்மில் பலர் தலைகீழ். லீவு போட்டால் போன் நிற்காமல் அடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். "நான் இல்லேன்னா ஒண்ணும் நடக்காது" என்று பெருமையாகச் சொல்கிறோம். அது நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் மெமோ.

என் கடைசி வருஷத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தங்கை பேத்திக்குச் சீர். இரண்டு நாள் லீவு. போகும் அவசரத்தில், மறுநாள் 40 கவுண்டு நூலுக்கு மாற்ற வேண்டிய ஃபிரேமுக்கு டிராவலர் நம்பரைப் போர்டில் எழுதிவிட்டுப் போனேன். எழுதியது இன்னும் மெல்லிய 60 கவுண்டுக்கு உரியது. அந்த எடை குறைந்த டிராவலரைப் போட்டு ஓட்டினால் நூல் பலூன் மாதிரி பெருத்துப் பக்கத்தில் உரசும், காப்ஸ் தளர்ந்து வரும், இழை சரமாரியாக அறும்.

திரும்பி வந்தபோது போர்டில் என் எழுத்து அடிக்கப்பட்டிருந்தது. கீழே வேறொரு கையெழுத்தில் சரியான நம்பர். யார் என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், சைடர், முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க எழுதினது தப்புங்க சார். மாட்டறதுக்கு முன்னாடியே ஃபிரேமை நிறுத்தச் சொல்லிட்டேனுங்க."

குரலில் நடுக்கம் இல்லை. ஸ்பின்னிங் மாஸ்டரின் எழுத்தை அடித்துவிட்டு அவள் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு" என்றேன். வேறென்ன சொல்வது? அந்தத் தடவை அறுந்திருந்தது என் இழை.